நாற்பது மீட்டர் அலையைப் பிடித்தவர்கள்

தூத்துக்குடியில் மூன்று பேர் சேர்ந்து ஒரு ஹாம் ரேடியோ சங்கம் வைத்திருந்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு ரேடியோப் பெட்டி. மூளையும் அதே கணக்குதான். ஆனால் பெட்டி யார் வீட்டில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஹாம் ரேடியோ என்பது ஒரு பொழுதுபோக்கு. போன் வேண்டாம், டவர் வேண்டாம். ஒரு பெட்டி, ஒரு கம்பி, கொஞ்சம் காற்று. இதை வைத்துக்கொண்டு எங்கோ இருக்கிற முகம் தெரியாத ஆளோடு பேசலாம். அதற்கு அரசாங்கத்தில் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்க வேண்டும். சங்கத் தலைவர் சந்தியாகு அந்தப் பரீட்சையில் தேறியவர். கேள்விகளைப் படித்தால் குழப்பம் வரும் என்று, விடைகளை மட்டும் படித்து, எது பார்க்க லட்சணமாக இருந்ததோ அதற்கு டிக் அடித்தார். பாஸ் என்று வந்துவிட்டது.

சந்தியாகு துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வேலைக்காலம் முழுவதும் உச்சியில் தனியாக உட்கார்ந்து யாரோடும் பேச முடியாமல் கிடந்ததால், இப்போதாவது நாலு பேரோடு பேச வேண்டும் என்று அவருக்கு உண்மையாகவே ஆசை இருந்தது. பெட்டி அவர் வீட்டில்தான், மூன்றாம் மாடி அடுக்குவீட்டில். மற்ற இருவர்: இரும்புக்கடை தங்கப்பழம், டெய்லர் பூலோகம். தங்கப்பழம் குட்டையாக, அகலமாக இருப்பார். பூலோகம் ஒல்லியாக, அளவெடுக்கும் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டே தூங்குவார்.

பெட்டியைக் கொடுத்தவர் திருச்சி ரெங்கநாயகம் சார். பழைய ரேடியோக்காரர், ரொம்பப் பொறுமைசாலி. அப்போது பொறுமைசாலியாக இருந்தார் என்று சொல்ல வேண்டும்.

"ஐப்பசி பிறக்கறதுக்குள்ள இந்தப் பெட்டி வழியா என்னோட ஒரே ஒரு தடவை பேசிட்டீங்கன்னா, பெட்டி உங்களுக்கே. இல்லேன்னா திருப்பி அனுப்பிடுங்க. வேற யாருக்காவது உபயோகமாகும்" என்று சொல்லியிருந்தார்.

முதல் நாள் மூவரும் குளித்து, பெட்டிக்குப் பூப்போட்டு, சுவிட்சைப் போட்டார்கள். பெட்டி, "ஷ்ஷ்ஷ்ஷ்" என்றது.

மூவரும் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள்.

நெடுநேரம் கழித்து தங்கப்பழம் மெல்ல வாயைத் திறந்து, "அண்ணாச்சி, யாரு..." என்று ஆரம்பித்தார். பெட்டி மறுபடியும் "ஷ்ஷ்ஷ்" என்றது. சந்தியாகு அவர் வாயைக் கையால் பொத்தினார்.

சந்தியாகுவின் மனைவி பிலோமினா காப்பி கொண்டுவந்தாள். மூவரும் ஒரே நேரத்தில் உதட்டில் விரலை வைத்தார்கள். வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து அவளும் ஓரமாக உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மத்தியானம் ரெங்கநாயகம் சார் போனில் கூப்பிட்டு, "என்னாச்சு, பேசினீங்களா?" என்று கேட்டார்.

"மெதுவாப் பேசுங்க சார்" என்று சந்தியாகு கிசுகிசுத்தார். "உள்ள யாரோ தூங்குதாவ போலிருக்கு. சத்தம் போட்டா அதட்டுதாவ."

"ஆன்டெனா கட்டினீங்களாய்யா?"

"ஆன்டெனான்னா சார்?"

திருச்சியில் ஒரு பெருமூச்சு கேட்டது. "ஆன்டெனா இல்லாட்டா வெறும் இரைச்சல்தான் வரும். அதைக் கட்டினாத்தான் நாற்பது மீட்டர் அலையைப் பிடிக்க முடியும். நான் அங்கேதான் இருப்பேன். நாற்பது மீட்டர் அலை. அதைப் பிடிங்க முதல்ல."

போனை வைத்ததும் சங்கத்தின் அவசரக் கூட்டம் கூடியது.

"சாரு அலையில இருக்காராம்" என்றார் சந்தியாகு.

"திருச்சியில ஏது அலை?" என்றார் தங்கப்பழம்.

"காவேரி இருக்குல்லா. அந்த வழியா கடலுக்கு வந்துருவாரு" என்றார் பூலோகம்.

இதில் தப்பு எதுவும் மூவருக்கும் தெரியவில்லை. தங்கப்பழம் கடையிலிருந்து நீளமான இரும்பு டேப்பை எடுத்துக்கொண்டார். தூத்துக்குடிக் கடற்கரையில் போய்ப் பார்த்தால் கடல் குளம் மாதிரி கிடக்கிறது. அங்கே அலை என்று ஒன்று எழுந்தால் அதுவே வெட்கப்பட்டுத் திரும்பிப் போய்விடும். ஆகவே பஸ் ஏறித் திருச்செந்தூருக்குப் போனார்கள்.

அங்கே அலை இருந்தது. நிற்கத்தான் மாட்டேன் என்றது. பூலோகம் டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நிற்பார். தங்கப்பழம் மறுமுனையோடு கரையை நோக்கி ஓடுவார். அளவைப் படிப்பதற்குள் அலை உடைந்துவிடும், பூலோகம் உருண்டுவிடுவார்.

வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து வந்தார். "என்ன அளக்குதிய?"

"அலை" என்றார் சந்தியாகு. "நாப்பது மீட்டர்ல ஒண்ணு வேணும்."

அவர் கடலைப் பார்த்தார், மூவரையும் பார்த்தார். "அந்த சைஸு இங்க வாரதில்ல" என்று சொல்லிவிட்டு வலைக்குத் திரும்பினார்.

கிடைத்ததிலேயே பெரியது ஒன்றரை மீட்டர்தான் வந்தது. தலைவர் மனம் உடைந்துபோனார். பூலோகம்தான் தேற்றினார்: "இதுக்குப் போயி வருத்தப்படலாமா அண்ணாச்சி? சின்னச் சின்ன அலையா எடுத்துட்டுப் போவோம். நான் ஒட்டுப் போட்டுத் தச்சிருதேன். ஓரம் மட்டும் மடிச்சு அடிக்க முடியாது, வழுக்கும்."

ஒரு கேனில் அலையைப் பிடித்தார்கள். பஸ் குலுங்கியபோதெல்லாம் கேனுக்குள் அலை நன்றாகவே அடித்தது. சந்தியாகு காதை வைத்துக் கேட்டுக்கேட்டுப் பூரித்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து இறக்கி வைத்ததும் அது அப்படியே படுத்துவிட்டது.

"அலுப்பா இருக்கும்" என்றார் பூலோகம். "நம்மளே ஆடிப்போயிட்டோம்லா."

அலை எழுந்திருக்கும் என்று காத்திருந்தார்கள். அது எழுந்திருக்கவில்லை. பிலோமினா அதில் கருவாட்டுக்கு மீனை ஊறப்போட்டுவிட்டாள்.

விஷயத்தைக் கேட்ட ரெங்கநாயகம் சார், "கடல் அலை இல்லைய்யா. கண்ணுக்குத் தெரியாத அலை. சரி, விடுங்க. இருபது மீட்டர் கம்பி எடுங்க. வெளியில கட்ட இடம் இருக்கா?" என்றார்.

"மொட்டை மாடியில ஒண்ணும் கட்டக்கூடாதுன்னு குடியிருப்புச் செயலாளர் சொல்லிட்டாரு சார்."

"பரவாயில்லை, வீட்டுக்குள்ளயே கட்டுங்க. வளைச்சு நெளிச்சுக் கட்டினாலும் வேலை செய்யும். எவ்வளவு உயரமா முடியுமோ அவ்வளவு உயரம்."

தங்கப்பழம் கம்பி கொண்டுவந்தார். அளந்தவர் பூலோகம். அவர் இருபது மீட்டர் அளந்து, தையலுக்கு இரண்டு அங்குலம் விட்டு, துவைத்தால் சுருங்கும் என்று மேலும் கொஞ்சம் விட்டு வெட்டினார். பிறகு சுருங்குகிறதா என்று பார்க்க, கம்பியை சோப்புத் தண்ணீரில் போட்டுத் துவைத்தார்கள். சுருங்கவில்லை. "நல்ல சரக்கு" என்று தங்கப்பழம் பெருமைப்பட்டார்.

வீட்டுக்குள் உயரமான இடம் எது என்பதில் விவாதம் நடந்தது. பீரோ என்றார் ஒருவர், மாதா படம் என்றார் ஒருவர். தலைவர் அண்ணாந்து பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்: மின்விசிறி. கம்பியின் நடுவை விசிறி இறக்கையில் கட்டி, இரண்டு பக்கமும் ஜன்னல்வரை இழுத்தார்கள். பார்க்க அழகாகவே இருந்தது. ரொம்ப நேரம் கையைத் தூக்கி வேலை செய்ததில் தலைவருக்கு வியர்த்துக் கொட்டியது.

"பிலோமி, ஃபேனைப் போடு" என்றார்.

பிலோமினா போட்டாள்.

விசிறி கம்பியை இழுத்தது, ஜன்னல் திரையை இழுத்தது, திரைக்குப் பின்னால் நின்ற பூலோகத்தின் வேட்டியையும் இழுத்துக்கொண்டது. பூலோகம் வெறும் கால்சட்டையோடு நின்றபடி, மேலே ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருந்த கம்பியை ரசித்துப் பார்த்தார். "பாபின்ல நூலு ஏறுத மாதிரி என்னா நேர்த்தி!"

விசிறியை நிறுத்தி, எல்லாவற்றையும் பிரித்து, இந்த முறை சுவரோடு சுவராகக் கட்டினார்கள். சந்தியாகு பெட்டியைப் போட்டார். பெட்டியிலிருந்த முள் சிவப்புக் கோட்டுக்குப் பாய்ந்தது. திருச்சிக்குப் போன் போட்டார்.

"கம்பி நீளம் ஜாஸ்தி" என்றார் ரெங்கநாயகம் சார். "ஒண்ணும் பயமில்லை. நுனியில கொஞ்சம் கொஞ்சமா நறுக்கிக்கிட்டே இருங்க. நான் கோயிலுக்குப் போயிட்டு வந்து கேக்கறேன்."

அன்று புரட்டாசிச் சனிக்கிழமை. ஸ்ரீரங்கத்தில் எப்படிப்பட்ட கூட்டம் என்று சொல்ல வேண்டியதில்லை. காலையில் வரிசையில் நின்றவர் வீடு திரும்பும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. செருப்பைக் கழற்றியதும் முதல் வேலையாகத் தூத்துக்குடிக்குப் போன் செய்தார்.

"என்னய்யா, இப்ப நீளம் எப்படி இருக்கு?"

"நீளமே இல்ல சார்" என்றார் சந்தியாகு.

"என்னது?"

"நீங்க நறுக்கிக்கிட்டே இருங்கன்னு சொன்னீங்க. மத்தியானமே கம்பி முடிஞ்சு போச்சு. பொறவு பெரிய துண்டா பாத்துத் திருப்பி நறுக்கினோம். இப்ப ஒரு டப்பா நெறைய இருக்கு. தங்கப்பழத்துக்கு விரல் வீங்கிருச்சு. எப்ப சார் நிப்பாட்டணும்?"

அந்தப் பக்கத்தில் ரெங்கநாயகம் சார் கோயில் பிரசாதம் தொண்டையில் சிக்கிக்கொண்டதுபோல இருமினார். இருமி முடித்ததும், அதுவரை ஒருவரும் கேட்டிராத குரலில் கத்தினார்: "ஐப்பசிக்கு ஒரு நாள்தான்யா இருக்கு! கம்பி இல்லேன்னா துணி காயப்போடற கொடியில மாட்டிப் பேசுங்க! ஏதாவது ஒண்ணுல மாட்டிப் பேசுங்க! காலையில நான் கேட்டுக்கிட்டு இருப்பேன்!"

சந்தியாகு போனை மெல்ல வைத்தார். பெட்டியைத் துணியால் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். "போயிரும்வே" என்றார். தங்கப்பழம் வீங்கிய விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

காலையில் வானம் மூடிக்கொண்டு தூறியது. பால்கனியில் பிலோமினாவின் துணிக்கொடி இருந்தது, நல்ல இரும்புக்கம்பி. அதில் இரண்டு வேட்டி, ஒரு போர்வை, அவளுடைய பச்சை ரவிக்கை எல்லாம் சொட்டிக்கொண்டிருந்தன.

"துணி காஞ்ச பொறவு எடுத்துக்கிடுங்க" என்றாள் பிலோமினா.

"சாரு துணி காயப்போடுத கொடின்னுதான் சொன்னாரு. துணி இல்லாம அது எப்படித் துணிக்கொடியாவும்?" என்றார் தங்கப்பழம். பிலோமினா தலையில் அடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

பெட்டியிலிருந்து வந்த கேபிளின் நுனியைக் கொடியில் சுற்றினார்கள். சந்தியாகு மைக்கை எடுத்தார். யாராவது இருக்கிறீர்களா என்பதற்கு அந்த உலகத்தில் 'சீ க்யூ' என்று சொல்ல வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "சீ! சீ க்யூ! சீ!" என்றார்.

"யாரைப் பாத்துச் சீங்கிய?" என்று பிலோமினா கரண்டியோடு வந்தாள்.

அவளுக்கு விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஈரத்துணியின் பாரம் தாங்காமல் கொடியின் ஒரு முனை சுவரிலிருந்து ஆணியோடு பிடுங்கிக்கொண்டது. துணி தரையில் விழுந்தால் பிலோமினா என்ன செய்வாள் என்று பூலோகத்துக்குத் தெரியும். பாய்ந்து கம்பியின் நுனியைப் பிடித்தார். உயரம் போதாமல் கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் ஏறினார். விழாமல் இருக்க இன்னொரு கையால் பால்கனி இரும்புக் கிராதியைப் பிடித்துக்கொண்டார்.

அந்த நொடியில் பெட்டி பேசியது.

"...தூத்துக்குடி, தூத்துக்குடி, திருச்சியிலேர்ந்து ரெங்கநாயகம். கேக்குதா? ஓவர்."

பூலோகம் சந்தோஷம் தாங்காமல் கை தட்டினார். பச்சை ரவிக்கை மட்டும் கம்பியில் சிக்கி நிற்க, மற்றத் துணி விழுந்தது, குரலும் நின்றது. மறுபடி கம்பியைப் பிடித்தார். குரல் வந்தது. சந்தியாகுவும் தங்கப்பழமும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இரும்புக்கடை முழுவதும் கம்பி இருந்தும், ஆன்டெனா இத்தனை நாளாகக் கூடவே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்திருக்கிறது!

"கேக்குது சார்!" என்று சந்தியாகு மைக்கில் கத்தினார். அவர் பேசும்போதெல்லாம் கம்பி வழியாக பூலோகத்துக்குக் கிச்சுக்கிச்சு மூட்டியது. பெட்டியில் சக்தியை அடியோடு குறைத்து வைத்திருந்ததால் அதற்குமேல் ஒன்றும் ஆகவில்லை. "நல்லாக் கேக்குது சார்!"

"ஹிஹிஹி" என்றார் பூலோகம்.

"பிரமாதம்! எனக்கும் தெளிவாக் கேக்குது. ஓவர்!"

சந்தியாகுவின் முகம் சுருங்கியது. "மன்னிச்சிருங்க சார். ஒரு சந்தோஷத்துல பேசிட்டேன். இனிமே ஓவராப் பேச மாட்டேன்."

"அது இல்லைய்யா... சரி, உங்க ஆன்டெனா என்ன வகை?"

"டெய்லர் சார்."

"டெய்லரா? கேள்விப்பட்டதில்லையே. கம்பெனி தயாரிப்பா?"

"கம்பெனியெல்லாம் இல்ல சார், தனிக்கடை."

"ஓ, உள்ளூர்லயே செஞ்சதா?"

"ஏரல்ல செஞ்சது சார். பக்கத்து ஊருதான்."

"உயரம் எவ்வளவு?"

"அஞ்சடி நாலு. வாளி மேல நிக்கதுனால கூட ஒரு அடி வரும்."

"எந்தத் திசையைப் பார்த்து வச்சிருக்கீங்க?"

"கெழக்கதான் சார். ஆனா தெருவுல யாராவது போனா திரும்பிப் பாத்துருது."

"காத்துக்கு ஆடும். பரவாயில்லை. மழை தாங்குமா?"

"தடுமன் புடிக்கும்."

"எவ்வளவு நேரம் தொடர்ந்து வேலை செய்யும்?"

"காலையில நாலு இட்லி போட்டது சார். மத்தியானம் வரைக்கும் ஓடும்."

இரைச்சலில் அவருக்கு என்னவாக விழுந்ததோ, "பாட்டரியிலேயே ஓடுதா! அபாரம்!" என்றார். "கேளுங்க சந்தியாகு. பெட்டி இனிமே உங்களோடது. ஆனா ஒண்ணு. ஆன்டெனா இப்ப எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும். எதையும் மாத்தாதீங்க. அசைக்கவே அசைக்காதீங்க."

சந்தியாகு மைக்கை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு கண்ணீர் விட்டார். தங்கப்பழம் பிலோமினாவின் கரண்டியை வாங்கி வாளியில் தாளம் தட்டினார். பூலோகம் மேலே நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்போது பெட்டியில் குறுக்கே ஒரு பெண்குரல் கேட்டது. "அருப்புக்கோட்டை ரேடியோ சங்கத் தலைவி நாகஜோதி பேசறேன். நீங்க பேசினதை முழுசாக் கேட்டுக்கிட்டு இருந்தேன். நாளைக்கு எங்க சங்கத்துல விழா. எங்க ஆன்டெனா சரியில்ல. உங்க டெய்லர் ஆன்டெனாவ ஒரு நாளைக்கு இரவல் தர முடியுமா?"

சந்தியாகு பால்கனியைப் பார்த்தார். பூலோகம் தலையாட்டப் போனவர், அசையக்கூடாது என்பது நினைவு வந்து கண்ணை மட்டும் மூடித் திறந்தார்.

அன்று முழுவதும் பூலோகத்தை யாரும் மாற்றவில்லை. தங்கப்பழம் சோறு ஊட்டினார். ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருந்த அம்மா ஒருவர் தேடிக்கொண்டு வந்தபோது, பூலோகம் வாளிமேல் நின்றபடியே அவரைக் கண்ணால் அளந்து, அளவுகளைச் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் காலையில் அருப்புக்கோட்டை வழியாகப் போகும் மதுரை பஸ்ஸில் அவரை ஏற்றினார்கள். கொடியின் அந்த முனையை மட்டும் நறுக்கி, பூலோகம் கையிலேயே விட்டிருந்தார்கள். பச்சை ரவிக்கையும் அதிலேயே தொங்கியது. பிலோமினா கேட்டதற்கு, எதையும் மாத்தக்கூடாது என்று சார் சொன்னதை எடுத்துச் சொன்னார்கள். பூலோகம் ஒரு கையை உயர்த்தி, மறுகையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கண்டக்டர் வந்தார். "மூணு டிக்கெட்டா?"

"ரெண்டு" என்றார் தங்கப்பழம். "அது ஆன்டெனா."

கண்டக்டர் பூலோகத்தையும் ரவிக்கையையும் மாறிமாறிப் பார்த்தார். "ஆன்டெனான்னா லக்கேஜ் போடணும்."

"லக்கேஜே போடுங்க" என்றார் பூலோகம். "டிக்கெட் போட்டா நான் ஆளாயிருவேன். பொறவு அலை வராது."

லக்கேஜுக்கு சீட் கிடையாது என்று கண்டக்டர் சொன்னார். நியாயம்தான் என்று மூவரும் ஒப்புக்கொண்டார்கள். பூலோகம் டிரைவருக்குப் பின்னால் நின்றார். டிரைவர் தலைக்குமேல் ஒரு பழைய ரேடியோ இருந்தது. ஊர் எல்லை தாண்டினால் கரகரவென்று இழுக்கிற ரேடியோ. அன்றைக்கு அது குறுக்குச்சாலையிலும் பாடியது, எட்டயபுரத்திலும் பாடியது, மணி அடித்தாற்போலப் பாடியது. டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். பூலோகம் தும்மியபோது மட்டும் பாட்டு ஒருமுறை விக்கியது.

அருப்புக்கோட்டையில் சந்தியாகுவும் தங்கப்பழமும் இறங்கினார்கள். பூலோகம் காலை எடுத்து வைக்கப் போனபோது டிரைவர் கையை நீட்டித் தடுத்தார்.

"லக்கேஜ் எறங்க வேண்டாம். பாட்டு பாதியில இருக்கு."

கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் கிளம்பிவிட்டது. ஜன்னலில் பச்சை ரவிக்கை மட்டும் ஆடிக்கொண்டே போனது.

பஸ் நிலையத்தில் நாகஜோதி மாலையோடு நின்றிருந்தாள். பின்னால் அவளுடைய சங்கத்தார் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார்கள், ஆன்டெனாவை வைத்து எடுத்துப்போக.

"ஆன்டெனா எங்கங்க?" என்றாள்.

"பஸ்ஸோட போயிருச்சும்மா" என்றார் சந்தியாகு, தலையைக் குனிந்துகொண்டு.

நாகஜோதி யோசித்தாள். பிறகு தங்கப்பழத்தை மேலும் கீழும் பார்த்தாள். அவரைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தாள். "இது என்ன, ஸ்பேரா?"

"ஆமா" என்றார் சந்தியாகு. "ஆனா உயரம் பத்தாது. அகலந்தான் இருக்கு."

"அதனால என்ன? மேசை மேல ஏத்திக்கிடலாம்" என்று நாகஜோதி மாலையை அவர் கழுத்தில் போட்டாள்.

தங்கப்பழம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆன்டெனா பேசக்கூடாது. அட்டைப்பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மெல்ல உயர்த்தி, எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று கண்ணாலேயே கேட்டார்.